புதுப்பிப்பு: அம்மாவின் ஆறாத கால் புண், லேசர் செய்தாச்சு

கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு உள் கணுக்காலுக்கு மேலே புண் ஆறவில்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

"நிற்க வைத்து டொப்ளர் எடுங்க" என்ற அக்காவின் யோசனைதான் சரி. டொப்ளர் என்றால் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். படுக்க வைத்து எடுத்ததில் தெரியாத பின்னோட்டம் (இரத்தம் மேலே போகாமல் கீழே திரும்புவது), கண்டியில் நிற்க வைத்துக் கெண்டையை அமுக்கி விட்டதும் தொடையின் தோலடி நாளத்தில் 2 செக்கனுக்கு மேல் ஓடியது. 0.5 செக்கனைத் தாண்டினாலே வால்வு பழுது.

அந்த நாளத்தைச் சூட்டால் மூட, முழங்காலருகே ஊசி வழியாக லேசர் இழை உள்ளே போனது. அதன் நுனி, தொடைமடிப்பில் இந்த நாளம் ஆழ்நாளத்தோடு சேரும் சந்திக்கு 2 சென்ரிமீற்றர் கீழே. நாளத்தைச் சுற்றி 400 மில்லிலீற்றர் அளவு ஐதான லிக்னோகெயின் கரைசல். மரப்புக்கு மட்டுமில்லை, சூடு தோலுக்கும் நரம்புக்கும் போகாமல் தடுப்பதும் அதுதான். முடிந்த கையோடு நடக்க வைத்தார்கள்.

எதிர்பாராதது: 7ஆம் நாள் உள்தொடையில் கயிறு இழுத்த மாதிரி விறைப்பு. பயந்து மறுபடி ஸ்கேன் எடுத்தால், மூடிய நாளம் சுருங்குகிறதாம். நடக்க நடக்கக் குறைந்தது. கெண்டை வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

புண் 9 வாரத்தில் மூடியது, இறுக்கக் காலுறையும் சேர்ந்துதான். இரண்டு சோடி வாங்குங்கள். இந்த மழையில் ஒன்று காய்வதில்லை. அடுப்பருகே போட்டால் இழுவை போய்விடும்.