வீட்டைப் பிரித்து விற்பவரைக் 'காசுப் பேய்' என்பது சரியா?

தேவகோட்டைக்காரன்:
எங்கள் தெருவில் இன்னொரு செட்டிநாட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள். முகப்பு நிலையில் இருந்த கஜலட்சுமியைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றியாச்சு. பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் பையனாகச் சேர்ந்து, பர்மாவுக்குக் கப்பலேறி, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் கட்டிய வீடு. அதை ஒரே வாரத்தில் காசாக்குகிற வாரிசைக் காசுப் பேய் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

பள்ளத்தூர் மருமகள்:
அண்ணே, அந்த வீட்டில் எத்தனை புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பம் என்று விசாரித்தீர்களா? எங்கள் வீட்டில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கிற பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் முரண்டு பிடித்தாலும் வேலை நிற்கும். இரண்டாம் கட்டில் தண்ணீர் இறங்கி உத்தரம் முழுக்கக் கறையான். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு அது. வழியில்லாமல் விற்பவர் பேயா?

கோட்டையூரான்:
பேய் என்றால் புரோக்கரைச் சொல்லுங்கள். பங்காளிகளில் கடன்பட்டவர் யார் என்று மோப்பம் பிடித்து, அவர் கையில் அட்வான்ஸைத் திணித்து, அப்புறம் மற்றவர்களை மடக்குகிறார்கள். எங்கள் வீட்டில் இவர்களுக்குப் பெயர் பணந்தின்னி.

ஆத்தங்குடி வாசகர்:
கப்பலேறிச் சேர்த்த காசு என்கிறீர்களே, அதற்கு அங்கே என்ன பெயர் இருந்திருக்கும்? 1930-இல் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல் நம் செட்டியார்களின் வட்டிக்கடைக்கு வந்தது. 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால்பங்கு வயல் செட்டியார் கையில். வயலை இழந்தவன் நம்மைத்தானே காசுப் பேய் என்றிருப்பான்?

தேவகோட்டைக்காரன்:
அதை ஒப்பிடாதீர்கள். நம் முன்னோர் கேட்டது பணத்தை, வயலை அல்ல. உள்ளூர் வட்டிக்காரரைவிடக் குறைந்த வட்டிக்குத்தான் கொடுத்தார்கள். கணக்கு இருந்தது, கோயிலுக்கு மகமை என்று லாபத்தில் ஒதுக்கும் பங்கு இருந்தது.

ஆத்தங்குடி வாசகர்:
இருந்தது. ஆனால் வயல் போனவனுக்கு மகமைக் கணக்கைக் காட்டி என்ன ஆகும்? அதனால்தான் அந்த வார்த்தையை யார்மேலும் சட்டென்று வீசாதீர்கள் என்கிறேன்.

பள்ளத்தூர் மருமகள்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தேவகோட்டைக்காரன்:
சரி, ஒழுகுகிற வீட்டை விடுங்கள் தங்கச்சி. எங்கள் தெருவில் பிரிப்பது ஒழுகாத வீடு. கானாடுகாத்தானில் இப்படிப்பட்ட வீடுகள் ஹோட்டலாகி நன்றாகவே நடக்கின்றன. அந்த வழி இருந்தும் நிலையைப் பெயர்க்கிறவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.