ஜின் குடித்தால் சோகம், சாராயம் குடித்தால் கலகலப்பு: உங்களுக்கும் இப்படியா?

கடலோரன், வெள்ளவத்தை

நெடுநாளாக மனதில் இருக்கும் கேள்வி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நாலு பேர் சேர்ந்தால் எங்கள் மேசையில் தென்னஞ்சாராயமும் ஜிஞ்சர் பியரும்தான். தேசிக்காய் ஒரு துண்டு, பைட்ஸுக்கு டெவல் கணவாய். எவ்வளவு நேரம் இருந்தாலும் மனது லேசாக இருக்கும், வாய் ஓயாது. கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு பாருக்குப் போய் நெக்ரோனி என்ற ஜின் கொக்டெயில் எடுத்தால் கதை வேறு. இரண்டாவது கிளாஸ் முடிவதற்குள் விட்டுப்போன சிநேகிதமெல்லாம் நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்துவிடும். விஸ்கி என்றால் யாரோடாவது வாதாடத் தோன்றும்.

என் மைத்துனர் "எல்லாம் ஒரே மதுசாரம்தான், உன் மனப்பிரமை" என்கிறார். எனக்கு நம்ப முடியவில்லை. உங்கள் அனுபவம் என்ன? அப்புறம், உங்களுக்குப் பிடித்த கொக்டெயில் எது, ஏன் என்றும் சொல்லுங்கள். எனக்குக் கசப்பும் புளிப்பும் வேண்டும், இனிப்பு மட்டும் என்றால் ஒத்துவராது.

கவுண்டருக்குப் பின்னால், கொழும்பு 3

தம்பி, நான் பாரில் வேலை செய்பவன். மைத்துனர் சொல்வதில் பாதி சரி. போத்தல் எதுவானாலும் உள்ளே இருப்பது எதனோல்தான். ஆனால் கிளாஸுக்குள் எவ்வளவு வருகிறது, எவ்வளவு வேகமாக உள்ளே போகிறது என்று பாருங்கள். நெக்ரோனியில் ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை வைன் மூன்றும் சம அளவு. சோடா கிடையாது, பழச்சாறு கிடையாது. 30 மில்லி வீதம் ஊற்றினால் ஒரு கிளாஸில் ஏறக்குறைய 19 கிராம் மதுசாரம். நம்முடைய சாராயங்கள் பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதத்துக்குள் இருக்கும். 50 மில்லிக்கு 13, 14 கிராம்தான் வரும். அதையும் ஜிஞ்சர் பியரால் நிரப்பி, கணவாயைக் கொறித்து, கதைத்துக் கதைத்துக் குடிக்கிறீர்கள். இரண்டையும் ஒப்பிடுவதே சரியில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். குடி மனநிலையை மாற்றுவதைவிட, மனநிலைதான் குடியைத் தேர்ந்தெடுக்கிறது. கூட்டமாக வருபவர்கள் சாராயமோ பியரோ கேட்பார்கள். தனியாக வந்து கவுண்டரின் ஓரத்துக் கதிரையில் உட்காருபவர் ஜிஞ்சர் பியர் கேட்பது அரிது. அவர் நெக்ரோனியோ ஓல்ட் ஃபெஷன்ட் என்ற விஸ்கி கொக்டெயிலோ கேட்பார், மங்கிய வெளிச்சத்தில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சோகம் அவர் வரும்போதே கூட வந்தது. பழியை ஜின் ஏற்கிறது. ஜின்னுக்கு அந்தக் கெட்ட பெயர் பழையது. 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் ஏழைகள் மலிவு ஜின்னில் மூழ்கிக் கிடந்தார்கள், அதைக் கட்டுப்படுத்த 1751இல் சட்டமே போட்டார்கள். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொக்டெயில் பற்றிக் கேட்டீர்கள். நான் சாராயத்தின் பக்கம். நம் ஆட்களே வெளியூர் விருந்தாளி வந்தால் சாராயப் போத்தலை ஒளித்து வைத்துவிட்டு விஸ்கியை எடுப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. களுத்துறைப் பக்கம் தென்னை உச்சியிலிருந்து உச்சிக்குக் கயிற்றில் நடந்து பாளையின் கள்ளை இறக்குகிறார்கள். யாரும் எதுவும் சேர்க்காமலே அது சில மணி நேரத்தில் தானே நொதிக்கிறது. வடித்து, நல்லவற்றை ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். உலகத்தில் எத்தனை குடிக்கு இப்படி ஒரு பிறப்பு இருக்கிறது? நம் சாராயத்தையும் வெளியூரில் அரக் என்பார்கள். ஆனால் இந்தோனேசியாவின் பத்தாவியா அரக் கரும்புப் பாகில் வருவது, மேற்காசிய அரக் சோம்பு மணப்பது. இரண்டும் நம் சாராயமல்ல. விருந்தாளிகளிடம் இதைச் சொல்லாமல் நான் ஊற்றுவதில்லை.

உங்கள் நாக்குக்கு: 50 மில்லி சாராயம், 25 மில்லி தேசிச்சாறு, 15 மில்லி கித்துள் பாணி (கூந்தற்பனைப் பாகு), பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு. ஐஸோடு நன்றாகக் குலுக்குங்கள். சீனிப்பாகு போடுவதைவிடக் கித்துள் நல்லது, அந்தப் புகை மணம் சாராயத்தோடு சேரும். போத்தல் வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். சிலவற்றில் வேறு ஸ்பிரிட் (வடித்த மது) கலந்திருக்கும், தென்னை மட்டும் உள்ளதை எடுங்கள்.

தெஹிவளை மருந்தாளர்

அண்ணா சொன்ன அளவுக் கணக்கு சரி. ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். ஜிஞ்சர் பியரின் வாயு, பலருக்கு மதுசாரம் இரத்தத்தில் ஏறுவதை வேகப்படுத்துவதாக ஆய்வுகள் உண்டு. கடலோரனைக் காப்பாற்றுவது ஜிஞ்சர் பியர் இல்லை, கணவாயும் கதையும்தான். வயிற்றில் சாப்பாடு இருந்தால் எல்லாம் மெதுவாகத்தான் ஏறும்.

மனநிலை பற்றி 2017இல் பிஎம்ஜே ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 21 நாடுகளில், 18 முதல் 34 வயதுக்குள் கிட்டத்தட்ட 30,000 பேரிடம் இணையத்தில் கேட்டார்கள். ஸ்பிரிட் குடித்தால் கோபம் வருவதாக ஏறக்குறைய 30 சதவீதம் பேர் சொன்னார்கள், சிவப்பு வைனுக்கு அது 2.5 சதவீதம் அளவுதான். ஆனால் அது அவரவர் சொன்னது, யாரையும் உட்கார வைத்து அளந்து பார்த்ததில்லை. ஜின், விஸ்கி, ரம் எல்லாம் ஒரே கூடையில். ஆகவே உங்கள் ஜின்–விஸ்கி வேறுபாட்டுக்கு அதில் பதில் இல்லை.

எதிர்பார்ப்பின் பலம் பெரியது. 1970களிலேயே, வெறும் டொனிக்கைக் கொடுத்து வொட்கா என்று சொன்னபோது ஆட்களின் நடத்தை மாறுவதைப் பரிசோதனையில் பார்த்தார்கள். ஜின் சோகம் தரும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்தால் மனது சோகத்தைத் தேடிப் போகும். இரத்தத்தில் மதுசாரம் ஏறும்போது உற்சாகம், இறங்கும்போது சோர்வு என்பதும் இருக்கிறது. நெக்ரோனிக்குப் போகும்போது எத்தனை மணி? ஏற்கெனவே ஏதாவது குடித்திருந்தீர்களா?

நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான துணைப்பொருட்கள் அடுத்த நாள் காலையைத்தான் மாற்றுகின்றன. 2010இல் 95 பேருக்கு போர்பன் விஸ்கியும் வொட்காவும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவை 37 மடங்கு கூடுதலாக உள்ள போர்பன்தான் மறுநாள் காலையை மேலும் மோசமாக்கியது.

தூக்க மாத்திரையோ ஒவ்வாமை மாத்திரையோ எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள், கலந்தால் ஆபத்து. குடிக்காத நாளிலும் அந்தக் கனம் இருந்தால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணான 1926க்கு அழைத்துப் பேசலாம்.

கடலோரன், வெள்ளவத்தை

மாத்திரை எதுவும் இல்லை அக்கா, நன்றி. குடிக்காத நாளில் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன்: நெக்ரோனி எப்போதும் இரவு பத்துக்குப் பிறகு, வேறு இடத்தில் பியர் குடித்துவிட்டு, வெறும் வயிற்றோடு. இந்த முறை மாலையிலேயே, சாப்பிட்டுவிட்டு, நண்பர்களோடு ஒன்று எடுத்துப் பார்க்கிறேன்.

பனங்காடு

நான் பருத்தித்துறை, இப்போது வெள்ளவத்தை. எல்லாரும் தென்னையையே சொல்கிறீர்கள். பனஞ்சாராயத்தை ஒருமுறை மணந்து பாருங்கள், அதன் காட்டம் வேறு. எனக்கு அதைக் குடித்தால் கோபமும் வராது, சோகமும் வராது, ஊர் மணக்கும். அவ்வளவு போதும். ஆனால் கொக்டெயிலில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது. அண்ணா, வழி ஏதும் உண்டா?

கவுண்டருக்குப் பின்னால், கொழும்பு 3

உண்டு. பனஞ்சாராயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், அளவை 30 மில்லிக்குக் குறையுங்கள். கொடித்தோடம்பழச் (பாஷன் ஃபுரூட்) சாறு 40 மில்லி, தேசிச்சாறு 10, சீனிப்பாகு கொஞ்சம். விளிம்பில் உப்போடு மிளகாய்த்தூள் தடவுங்கள். புளிப்பும் உப்பும் அந்தக் காட்டத்துக்கு ஈடுகொடுக்கும். நாளை போயா (பௌர்ணமி விடுமுறை), மதுக்கடைகள் பூட்டு. வேண்டுமென்றால் இன்றைக்கே வாங்கி வையுங்கள்.