பட்டி என்று முடியும் எங்கள் ஊர் எது?

எல்லோருக்கும் வணக்கம். கூடலூரிலிருந்து எழுதுகிறேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்கள்.

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, வேலைக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு முதலில் போனவர் தாத்தாவின் அப்பா. அவருடைய ஊரைத்தான் தேடுகிறேன். தாத்தாவின் குடும்ப அட்டையில் சொந்த ஊர் எழுதிய இடம் சரியாக மடிப்பில் விழுந்து, மை கரைந்துவிட்டது. 'பட்டி' என்ற கடைசி எழுத்துகளும், கீழே 'முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா' என்பதும் மட்டும் தெரிகின்றன. பழைய முசிறி தாலுகா என்றால் இன்றைய துறையூரும் அதில் அடக்கம். அந்தப் பக்கம் பட்டி என்று முடியும் ஊர்களுக்கா பஞ்சம்?

அப்பாயி அடிக்கடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பச்சைமலைப் பக்கம் பொழுது விடியும், கொல்லிமலைப் பக்கம் சாயும். ஏரிக்கரையில ஏழு கன்னிமார், பக்கத்துல ஒத்தைப் புளியமரம்." அப்பாயி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. மாமனார் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் இரண்டு மலைக்கும் நடுவில் என்பதால் துறையூர், உப்பிலியபுரம் வட்டாரமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்து உறவுகளே, ஏரிக்கரையில் கன்னிமார் கோயில் உள்ள பட்டி எதுவும் தெரியுமா? 'கண்டிக்குப் போன பங்காளி' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது சொல்வதுண்டா? அப்புறம், பழைய நிலப் பதிவேடுகளில் பெயர் தேடிப் பார்த்தவர்கள் இருந்தால், எந்த அலுவலகத்தில் எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு 78 வயது. ஒருமுறை குலசாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்கிறார்.