மேலே வந்து பார்த்துவிட்டுப் படம் போடச் சொல்லுங்கள்

ஆட்டோமேஷன் வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் தேயிலை ஃபேக்டரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம், சுமார் 1,800 மீட்டர் உயரம். கொழுந்தைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டிகளுக்கு (ட்ரஃப்) அடியில் காற்று ஊதும் ஃபேன்களையும் டிரையரையும் பி.எல்.சி. என்ற கண்ட்ரோல் கம்ப்யூட்டரில் கொண்டுவர கோவை கம்பெனி ஒன்றைப் பிடித்தோம். ஒருமுறைகூட மேலே வரவில்லை. மோட்டார் நேம்பிளேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். கண்ட்ரோல் பேனல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜூலையில் மாட்டினோம். மூன்றாம் நாள் ராத்திரி, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் சூடாகி டிரிப் ஆனது. ட்ரஃப் நிறைய இலை, ஃபேன் ஓடவில்லை. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் அண்ணன் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே போட்டார். அடியில் இலை வெந்து சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். 1,000 மீட்டருக்கு மேல் காற்று லேசு, டிரைவும் மோட்டாரும் சரியாகக் குளிராது. பொதுவாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 1 சதவீதம் திறனைக் குறைத்துக் கணக்குப் போட வேண்டும். எங்களுக்கு 8 சதவீதம். அவர்கள் மோட்டார் அளவுக்கே டிரைவ் போட்டிருந்தார்கள். போதாததற்கு, பேனலுக்கு வைத்த ஃபேன் மூடுபனியையும் உள்ளே இழுத்தது. விடிகாலையில் கதவைத் திறந்தால் டெர்மினலில் நீர்த்துளி.

அடுத்து வந்த கம்பெனியின் இன்ஜினியர் ஒரு சின்னப் பெண். இரண்டு ராத்திரி இங்கேயே தங்கினார். ட்ரஃப் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர் தொங்கவிட்டார், ஒன்றின் நுனியில் ஈரத்துணி. இரண்டுக்கும் 1 டிகிரிதான் வித்தியாசம், அதாவது காற்று முழுக்க ஈரம். “இந்தக் காத்தை எவ்வளவு ஊதினாலும் இலை வாடாதுங்கண்ணா, சூடு கலக்கணும்” என்றார். அந்த வித்தியாசத்தைப் பார்த்தே சூடான காற்று திறக்கும்படி புரோகிராம் எழுதினார். பெரிய டிரைவ், காற்றுப் புகாத பேனல், உள்ளே ஒரு குட்டி ஹீட்டர். டீமேக்கர் கைக்குத் தனியாக மேனுவல் சுவிட்ச். அண்ணன் கேட்காமலே அந்தப் பெண் அதை வைத்தார், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

இன்னொன்று: புரோகிராமைப் பாஸ்வேர்டு இல்லாமல், ஒயரிங் படத்தோடு கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கம்பெனி பூட்டி வைத்திருந்ததால் ஒரு டைமரைக்கூட எங்களால் மாற்ற முடியவில்லை.

கேத்தியிலிருந்து:
அண்ணா, எங்கள் காரட் கழுவும் மெஷினுக்கும் இதே கதைதான். ஷெட்டுக்குள் அளவெல்லாம் சரியாக எடுத்தார்கள், ஷெட்டுக்கு வரும் சந்தின் அகலத்தை அளக்கவில்லை. ஒரே துண்டாக வெல்டிங் செய்த ஃபிரேமை ரோட்டிலேயே அறுத்து, உள்ளே கொண்டுபோய் போல்ட் போட்டோம். நீங்கள் பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:
டிசைனுக்குத் தனி, சப்ளைக்குத் தனி தம்பி. கடைசி 20 சதவீதம் ஒரு மழைக்காலம் ஓடி முடிந்த பிறகு. முதலில் தயங்கினார்கள், அப்புறம் சரி என்றார்கள். அக்டோபர் மழையும் தாண்டிவிட்டது, போன மாதம்தான் செக் கொடுத்தேன்.