மறு: டைனமிக் இன்ஜங்ஷன் – ‘விரிதடையாணை’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். திருட்டு இணையதளம் முகவரி மாற்றிக்கொண்டு திரும்பி வந்தாலும், தனி வழக்கின்றி அதற்கும் நீட்டிக்கத்தக்க நீதிமன்றத் தடைதான் ‘டைனமிக் இன்ஜங்ஷன்’. அதற்கு ‘விரிதடையாணை’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> ‘இயங்கு தடையாணை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. இயற்பியலில் டைனமிக் என்றால் இயங்கு என்றுதானே எழுதுகிறோம்?

இயற்பியலுக்குச் சரி, ஐயா. நீதிமன்ற வளாகத்தில் ‘இயங்கு தடையாணை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இன்னும் அமலில் இருக்கிற தடை’ என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘மாறு தடையாணை’யும் உதவாது. மாறுவது ஆணை அன்று, திருட்டுத் தளத்தின் முகவரி. ஆணை என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2018இல் இவ்வகை ஆணையைப் பிறப்பித்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலில், யுடிவி என்ற திரைப்பட நிறுவனம் தொடுத்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி மன்மோகன் அளித்த தீர்ப்பின் வழியாக வந்தது. அதுவரை நடந்த கூத்து நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தளத்தை முடக்க ஆணை வாங்கி, இணையச் சேவை நிறுவனங்கள் அதைச் செயல்படுத்துவதற்குள், அதே தளம் பெயரின் வாலில் ஓர் எண்ணை ஒட்டிக்கொண்டோ, டாட் காமிலிருந்து வேறோர் ஈற்றுக்குத் தாவியோ மறுபடியும் கடை விரித்துவிடும். உரிமையாளர் திரும்பவும் மனுவோடு நீதிபதி முன் நிற்க வேண்டும்.

2019 தீர்ப்பு இந்தச் சுற்றை அறுத்தது. புதிய முகவரி ஏற்கெனவே முடக்கப்பட்ட தளத்தின் பிரதிதான் என்பதற்கான ஆதாரத்தைப் பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்து, அதையும் பிரதிவாதியாகச் சேர்க்கக் கோரினால் போதும். நீதிமன்றத்தின் இணைப் பதிவாளரே ஆணையை அதற்கும் நீட்டிக்கலாம். ஆக, ஆணை அப்படியே நிற்கிறது. அதன் எல்லை விரிகிறது. விரிகுடா, விரிதாள் என்று வினைத்தொகை நமக்குப் பழகியதுதான். அதனால்தான் ‘விரிதடையாணை’ என்றேன்.

> ‘படர்தடை’ இன்னும் அழகாக இருக்கிறதே!

அழகுதான். படர்தாமரை நினைவுக்கு வந்து சொறியத் தோன்றுகிறது என்பதே என் ஒரே ஆட்சேபம்.

> வரம்பில்லாமல் விரியும் என்ற பொருள் வந்துவிடாதா? வழக்கறிஞன் என்ற முறையில் எனக்கு அது உறுத்துகிறது.

உறுத்தட்டும், ஐயா. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிராகத் தடை விதித்தபோது, இணையச் சேவை நிறுவனங்கள் காணொளித் தளமான விமியோ போன்ற தளங்களையே அடியோடு முடக்கிவிட்டன. படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே தடை, முழுத் தளத்துக்கும் அன்று என்று அந்த ஜூனில் நீதிமன்றம் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. டெல்லி முறையில் தளமே முடங்குகிறது; தன் தரப்பைச் சொல்லாத ஒருவரும் பட்டியலில் ஏறிவிடலாம். அந்த ஆபத்தைப் பெயர் பூசி மறைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

‘ஆணை’ வேண்டாம், ‘உறுத்துக்கட்டளை’ என்பதே நம் நீதிமன்ற வழக்கு என்று இன்னொரு மடலில் எழுதியிருந்தீர்கள். நிரந்தர உறுத்துக்கட்டளை, செயலுறுத்துக் கட்டளை எல்லாம் நிலைத்த சொற்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘விரியுறுத்துக்கட்டளை’ என்று ஒரு மூச்சில் சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. நாளிதழ்காரர்கள் முதல் நாளே கைவிட்டுவிடுவார்கள்.

அடுத்து ‘டைனமிக்+’, அதாவது டைனமிக் பிளஸ் ஆணை. 2023 ஆகஸ்டில் யுனிவர்சல் சிட்டி ஸ்டூடியோஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் வழக்கில் நீதிபதி பிரதிபா எம். சிங் அளித்தது. வழக்குத் தொடுத்த நாளில் இருக்கும் படைப்புகளோடு, வாதிகள் இனி உருவாக்கப்போகும் படைப்புகளையும் அது காக்கிறது. கூட்டல் குறியை வாய்விட்டுப் படிக்க முடியாது. ‘முன்காப்பு விரிதடையாணை’ எனலாமா? நீளம்தான், இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் என் சொல்லை விலக்கிக்கொள்கிறேன்.

மறுப்பு வராவிட்டால் நம் கலைச்சொல் பட்டியலில் இப்படி ஏற்றலாம்:

விரிதடையாணை (பெ.): முடக்கப்பட்ட இணையதளத்தின் பிரதிகள் புதிய முகவரிகளில் தோன்றும்போது, தனி வழக்கின்றி அவற்றுக்கும் நீட்டிக்கத்தக்க தடையாணை.

பெயர் தெரியாத பிரதிவாதிகளுக்கு எதிரான ‘ஜான் டோ’ ஆணைக்குத் தனி இழை தொடங்குகிறேன். நம் நீதிமன்றங்களில் அந்த முகமறியாப் பிரதிவாதிக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழுவிலிருக்கும் அசோக் குமார்கள் பொறுத்தருள்க.