அப்டேட்: டிஸ்மிஸ் ஆன எங்க யூனியன் செயலாளர் கேஸ் என்னாச்சு

போன மாசம் எழுதினேன்ல, சம்பள உயர்வு பேச்சுவார்த்தை லேபர் ஆபீசர்கிட்ட ஓடிட்டிருக்கும்போதே வேற ஏதோ காரணம் சொல்லி எங்க யூனியன் செயலாளரை கம்பெனி தூக்கினது, லேபர் கோர்ட் அவரை திரும்ப எடுக்கச் சொன்னது, உடனே மேனேஜ்மென்ட் ஹைகோர்ட் போய் அந்த ஆர்டருக்கு ஸ்டே (இடைக்காலத் தடை) வாங்கினது எல்லாம்? அதோட தொடர்ச்சி இது.

நிறைய பேர் "ஸ்டே வந்தா முடிஞ்சுச்சு"ன்னு கமெண்ட் போட்டிருந்தீங்க. முடியல. எங்க கேஸ் 2025 நவம்பர் வரைக்கும் அமல்ல இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, அதுல 17பி-ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு: கேஸ் ஹைகோர்ட்லயோ சுப்ரீம் கோர்ட்லயோ கிடக்குற வரைக்கும் அவர் கடைசியா வாங்கின சம்பளத்தை மாசாமாசம் கொடுத்தாகணும், வேற எங்கயும் வேலை பாக்கலன்னு அவர் ஒரு அஃபிடவிட் போட்டா போதும். போட்டோம், ஆர்டர் வந்துடுச்சு! செயலாளரோட மனைவி, எங்க அண்ணி, முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

ஆனா 'கடைசியா வாங்கின சம்பளம்'னா அன்னைக்கு வாங்கினதுதான், இன்னைக்கு விலைவாசிக்கு அது அரிசி பருப்புக்கே பத்தாது, அது வேற கதை.

மெயின் கேஸ்ல எங்க வக்கீல் புடிச்சிருக்குற பாயிண்ட் அதே சட்டத்தோட 33(2)(பி) பிரிவு. தகராறு நிலுவைல இருக்கும்போது டிஸ்மிஸ் பண்ணா ஒரு மாச சம்பளமும் கொடுக்கணும், தகராறு யார்கிட்ட நிலுவைல இருக்கோ அந்த அதிகாரிகிட்ட ஒப்புதலும் கேக்கணும். இவங்க காசை மட்டும் அனுப்பிட்டு ஒப்புதல் கேக்கவே இல்ல. அப்படிப்பட்ட டிஸ்மிஸ் செல்லாதுன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் சொல்லிடுச்சு.

அடுத்த வாய்தா பொங்கலுக்கு அப்புறம். கேட் மீட்டிங் வழக்கம்போல நடக்குது, செயலாளர் வெளில நின்னு பேசுறாரு.