ஹூண்டாயின் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்: காத்திருக்கலாமா?

மிச்சிகன்வாசி:
சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார், பெட்ரோல் இன்ஜின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும். இப்படிப்பட்ட ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் கார்களை வட அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் கொண்டுவருவதாக 2024 ஆகஸ்டில் ஹூண்டாய் அறிவித்தது. 900 கி.மீ.க்கு மேல் ஓடுமாம். வீட்டில் சார்ஜர் இருக்கிறது. குளிர்காலத்தில் சிகாகோ போய்வர வேண்டும். காத்திருக்கலாமா?

வோல்ட்பிரியன்:
தாராளமாகக் காத்திருங்கள் அண்ணா. நான் ஓட்டுவது கிட்டத்தட்ட இதே மாதிரி கார்தான், இரண்டாம் தலைமுறை செவ்ரலே வோல்ட். சார்ஜில் 53 மைல் என்பது ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) கணக்கு. ஆபீஸ், கடை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஜனவரியில் ஹீட்டர் போட்டால் ரேஞ்ச் (சார்ஜில் ஓடும் தூரம்) நன்றாகவே குறையும். ஆனாலும் நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் கிடையாது. இந்த வண்டியின் தயாரிப்பை 2019-இல் நிறுத்தியது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு வித்தியாசம்: நெடுஞ்சாலையில் சில சமயம் வோல்ட்டின் இன்ஜின் சக்கரத்துக்கும் கைகொடுக்கும்.

ரோட்டரிராஜா:
இன்ஜின் இருந்தால் ஆயில் மாற்றும் செலவும் இருக்கும், மறக்காதீர்கள். ஐரோப்பாவில் மஸ்தா 2023-இல் காட்டிய இதே வகைக் காரான எம்எக்ஸ்-30 ஆர்-ஈவியைப் பாருங்கள்: 17.8 கிலோவாட்-மணி பேட்டரி, 830 சிசி ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் பாகம் கொண்ட) இன்ஜின், 50 லிட்டர் டேங்க். சார்ஜில் மட்டும் 85 கி.மீ.

மிச்சிகன்வாசி:
நன்றி தம்பி. எனக்குத் தினமும் 40 மைல்தான். காத்திருக்கிறேன்.